பதினேழாம் நம்பர் கொம்பூதி

மூவரசர் திருநாள் முடிந்து, கிறிஸ்துமஸ் குடில்களைக் கலைத்து, மாட்டையும் ஆட்டையும் சூசையப்பரையும் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மிச்சமிருந்த முறுக்கைப் புன்னைத்துறை சனங்கள் காப்பியில் முக்கித் தின்றுகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஊரிலிருந்த பற்பொடிப் பட்டாளத்துக்காரர்கள் அத்தனை பேரும் கிழக்கு முகமாக நடக்க ஆரம்பித்தார்கள்.

பற்பொடிப் பட்டாளத்துக்காரர்கள் யார் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே ஓடிய ஒரு பற்பொடிக் கம்பெனி, டப்பாவுக்கு ஒரு பிளாஸ்டிக் சிப்பாய் இலவசம் என்று போட்டது. சுண்டுவிரல் உயரம், துப்பாக்கி நீட்டுகிறவன், படுத்துக் குறிபார்க்கிறவன், கொடி பிடிக்கிறவன், காயம்பட்டவனைத் தோளில் தூக்குகிறவன் என்று இருபத்துநாலு தினுசு, ஒவ்வொருவன் காலடித் தட்டுக்கும் அடியில் ஒரு நம்பர். கம்பெனி மூடிப் பற்பொடியும் போய், அந்தப் பற்பொடியால் தேய்த்த பற்களும் முக்கால்வாசி போய்விட்ட பிறகும் சிப்பாய்கள் மட்டும் போகவில்லை, ஏனென்றால் வருஷத்துக்கொரு தடவை அவர்களுக்கு உத்தியோகம் இருந்தது. கிறிஸ்துமஸ் குடிலில் ஏரோது ராஜாவின் சேவகர்களாக அவர்கள் நிற்க வேண்டும். ஏரோது காலத்தில் துப்பாக்கி ஏது என்று புதிதாக வந்த சாமியார் ஒருவர் கேட்டுப் பார்த்தார். குடிலில் பனி என்று நாம் போடும் பஞ்சு பெத்லகேமில் மூட்டை மூட்டையாகவா கொட்டிக் கிடந்தது என்று சனங்கள் திருப்பிக் கேட்டதும் அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அவர்கள் நடப்பதை யாரும் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் மரம் மாதிரி நிற்பார்கள். பால் பொங்குதா என்று அடுக்களைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு விரற்கடை தள்ளி நிற்பார்கள். விடிந்து மறுநாள் விடிவதற்குள் ஒரு பாய் நீளம் போயிருப்பார்கள். எடுத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினால் மறுநாள் பெட்டி காலியாக இருக்கும், எடுத்த இடத்திலிருந்து ஒரு பாய் தள்ளி ஆள் நிற்பான். முதல் வாரம் எலி என்றார்கள், இரண்டாம் வாரம் காற்று என்றார்கள், மூன்றாம் வாரம் வேறு வேலை இல்லையா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு, கதவுகளுக்கு அடியில் அரைவட்டமாக ஓட்டை வெட்டிவிட்டார்கள்.

ஊரிலேயே இதனால் அதிகம் நஷ்டப்படப் போகிறவள் ஜெராக்ஸ் கடை ரெஜினாள். ஐம்பத்தாறு வயசு. புருஷன் அடைக்கலம் கப்பலில் வேலை, வருஷத்தில் எட்டு மாசம் தண்ணீர் மேல்தான். அவன் ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் புடவையும் சென்ட்டும் வாங்கி வருவதை ரெஜினாள் நாத்தனார்களுக்குக் கொடுத்துவிட்டு, அதே பையின் அடியில் கிடக்கும் பிளாஸ்டிக் சிப்பாய்களை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்வாள். ஹாங்காங்காரன், இத்தாலிக்காரன், தொப்பியில் இறகு வைத்தவன் என்று அலமாரி நிறைய. ஆனால் அவள் உயிர் உள்ளூர்ப் பற்பொடிக்காரர்களிடம்தான் இருந்தது. பச்சை, சிவப்பு, மஞ்சள், கம்பெனிக்காரன் உடைந்த வாளியை உருக்கி ஊற்றிய வருஷத்து ரோஸ் நிறம் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இளஞ்சூட்டு வெந்நீரில் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுவாள். ஜெராக்ஸ் கண்ணாடி மேல் வரிசையாக நிறுத்திக் காலடித் தட்டுகளைப் பிரதி எடுத்து, எவன் எந்த அச்சில் பிறந்தவன், எவன் ஹெல்மெட்டில் அச்சுக்கோடு தெரிகிறது, எவனைச் சின்னப் பிள்ளை கடித்த பல்தடம் இருக்கிறது என்றெல்லாம் எழுதி ஃபைல் போட்டு வைத்திருந்தாள். ஊர் அவளைப் பட்டாளத்தக்கா என்றுதான் கூப்பிட்டது, அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தும் தினுசு இருபத்துமூன்றுதான். பதினேழாம் நம்பர் இல்லை. மதுரையிலும் சென்னையிலும் இருந்த மற்றச் சேகரிப்பாளர்கள், அந்த அச்சு ஆரம்பத்திலேயே உடைந்துபோயிருக்கும், பதினேழு பிறக்கவே இல்லை என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினார்கள். ரெஜினாள் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பதினேழைக் கையில் வைத்திருந்தவள். மஞ்சள் நிறம், கன்னம் உப்பியிருக்கும், கொம்பை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருப்பான். அவளுக்கு ஒன்பது வயசில் அப்பா சவேரியான் வாங்கிய டப்பாவில் வந்தான், ஊரில் வேறெந்த டப்பாவிலும் வரவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குக் குடில் மலையின் உச்சியில் அவனை நிறுத்தினாள். மறுநாள் அந்தியில் பார்த்தால் உச்சி மொட்டையாக இருந்தது. வீடு வீடாகக் குடில் பார்க்க வந்த பிள்ளைகளில் கடைசியாக வந்துபோனவன் குருசுத் தெரு சேசடிமை, அவளைவிட ஒரு வயசு மூத்தவன்.

“அவன்தான் எடுத்தான், நான் பாத்தேன்” என்றாள் ரெஜினாள்.

சேசடிமையின் அப்பா திருக்கை மீன் வாலைச் சவுக்காக எடுத்து நடுத்தெருவில் வைத்து அவனை உரித்தார். எடுக்கலை என்று அவன் சொன்னான், ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தபோதும் எடுக்கலை என்றே சொன்னான். ஊர் அவனுக்குக் கொம்பன் என்று பேர் வைத்தது. அவன் வளர்ந்து வள்ளத்து எஞ்சின் மெக்கானிக் ஆனபோது கொம்பன் மெக்கானிக் என்றார்கள். கல்யாணம் ஆனபோது வந்தவள் கொம்பன் பொண்டாட்டி. கடற்கரையில் ஒரு ஸ்பேனர் காணாமல் போனால் எல்லார் கண்ணும் ஒரு தடவை அவன் பையைத் தொட்டுவிட்டுத்தான் மணலில் தேடும். நாற்பத்தேழு வருஷமாக அவனும் ரெஜினாளும் பேசிக்கொண்டதில்லை. அவன் மகள் ஜெனிபா ஆதார் கார்டைப் பிரதி எடுக்கக்கூடப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறுவாள்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை, ரெஜினாளின் பற்பொடிக்காரர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அலமாரியின் கிழக்குக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஹாங்காங்காரர்களும் இத்தாலிக்காரர்களும் தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பழைய இடத்திலேயே இருந்தார்கள். கண்ணாடிக் கதவை வெளியிலிருந்து கயிறு போட்டுக் கட்டி, அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சோறு தண்ணியையும் அங்கேயே வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் காவல் காத்தால் அவர்களை நிறுத்திவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்தும் பார்த்தாள்.

மூன்றாம் நாள் பக்கத்து டீக்கடை முத்தையா கண்ணாடி டம்ளரோடு உள்ளே வந்து, குனிந்து அலமாரியைப் பார்த்துவிட்டுச் சொன்னான். “யக்கா, பட்டாளம் தானாவா கெளம்பும்? எவனோ கொம்பு ஊதுதான். நமக்குக் கேக்கல, அவனுவளுக்குக் கேக்கு.”

ரெஜினாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். பதினேழு இருக்கிறான். எங்கேயோ இருந்து கூப்பிடுகிறான். பட்டாளத்தைக் கட்டி வைத்தால் பட்டாளம் மிஞ்சும், அவிழ்த்து விட்டால் பதினேழு இருக்கும் இடம் தெரியும். அவள் கயிற்றை அவிழ்த்து, கதவைத் திறந்து, மரப்பலகை ஒன்றைத் தரைக்குச் சாய்த்து வைத்துவிட்டு, டீயைக் குடித்தாள்.

அதன் பிறகு அந்த வருஷம் புன்னைத்துறையில் யாரும் காலைத் தரையைப் பார்க்காமல் வைக்கவில்லை. பட்டாளம் போகும் பாதையில் வண்டி நிறுத்தக் கூடாது என்று பேரூராட்சி போர்டு வைத்தது. மெயின் ரோட்டைக் கடக்க ஒவ்வொருவனுக்கும் நாலு நாள் ஆனதால் ஷேர் ஆட்டோக்காரர்கள் அவனுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்துவிட்டு வளைந்து போனார்கள். சாக்கடைகளுக்குக் குறுக்கே ஐஸ் குச்சிப் பாலங்கள் வந்தன. பெருக்குகிற பெண்கள் விளக்குமாற்றைத் தூக்கி அவர்களைத் தாண்டிப் போட்டார்கள். நிச்சயதார்த்தத்துக்குப் போன ஒரு கூட்டம் ஒற்றைச் சிப்பாய் குறுக்குச் சந்தைக் கடந்து முடிக்கட்டும் என்று தட்டுகளோடு வெயிலில் நின்று, நின்றதில் மாப்பிள்ளையின் சித்தப்பா மயக்கம் போட்டு விழுந்ததை ஊர் நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொண்டது. யார் வீட்டுச் சிப்பாய் என்று எல்லாருக்கும் தெரிந்த கொடி பிடிக்கிறவன் வேறொரு வீட்டு அரிசிப் பானையிலிருந்து வெளியே வந்தபோது இரண்டு தெரு கைகலந்தது. தென்னையின் அடிமூட்டிலிருந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தான் ஒருவன், பழைய ஐஸ் பிளான்ட் சுவரைப் பொத்துக்கொண்டு வந்தான் இன்னொருவன். ஒன்பதாம் நம்பரை எப்போதோ தின்றுவிட்ட வெள்ளாடு ஒன்றும் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் தினம் காலையில் ஒரு பாய் கிழக்கே தள்ளி நின்று அசைபோட்டது. வீட்டுக்காரி கொஞ்ச நாள் ஒப்பாரி வைத்தாள், பிறகு தழைக் கட்டையும் தண்ணீர் வாளியையும் தினம் ஒரு பாய் தள்ளி வைக்கப் பழகிக்கொண்டாள்.

ரெஜினாள் ஊரின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பிரதியெடுத்து, எட்டுத் தாள்களை ஒட்டிக் கடைச் சுவர் முழுக்க மாட்டி, தினமும் சாயங்காலம் ஒவ்வொரு சிப்பாயும் நிற்கும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தாள். புள்ளிகளைக் கோடாக்கி நீட்டினாள். சித்திரை பிறந்தபோது கோடுகள் ஒன்றையொன்று நெருங்கின. ஆனி மாசம், ஜெராக்ஸ் எடுக்க வந்த யாரும் பார்த்துவிடக்கூடிய அளவுக்கு அவை ஒரே பக்கம் குவிந்தன. குருசுத் தெரு. குருசுத் தெருவிலும் வடக்கு வரிசை. வடக்கு வரிசையிலும் நீல வாசற்கதவு வைத்த வீடு.

“கொம்பன் வீடு” என்றான் முத்தையா.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நாற்பத்தேழு வருஷத்துக்கு அப்புறம் திருட்டு வெளிச்சமாகப் போகிறது என்று சொல்லி, நான் அப்பவே சொன்னேன்லா என்று முடித்தார்கள், அப்போது பிறந்தேயிராதவர்களும் அப்படியே முடித்தார்கள். ஜெனிபாவுக்குப் பேசி வைத்திருந்த வீட்டார், பட்டாளம் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் கல்யாணத் தேதி குறிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ரெஜினாளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவள் சொன்னது மெய், பதினேழு இருப்பதும் மெய், திருடியவனும் அவனே என்று ஆகப்போகிறது. இருந்தும் கோட்டை நீட்டும்போதெல்லாம் பென்சில் பிடித்த கையில் ஒரு பிசுபிசுப்பு. நான் பார்த்தேனா என்று ஒரு நாள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். பார்த்தேன் என்று சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. அப்பா முகம், அம்மா முகம், அவள் போட்டிருந்த பூப்போட்ட கவுன் எல்லாம் ஞாபகமிருந்தது. அவன் கை மலை உச்சிக்கு நீண்டதா, எந்தக் கை, எடுத்து எங்கே போட்டான் என்று யோசித்தால் மட்டும் ஒன்றும் வரவில்லை. வயசாகிவிட்டது, மறந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு வரைபடத்துக்கு மேலே துணியைப் போட்டு மூடினாள்; மறுநாள் பொறுக்க முடியாமல் துணியை எடுத்துவிட்டாள்.

சேசடிமை ஆள் அனுப்பவில்லை, சண்டைக்கு வரவில்லை. வாசற்கதவின் அடியில் எல்லாரையும்விடப் பெரிய ஓட்டையாக வெட்டினான். நடுவீட்டில் கிடந்த கட்டிலை ஓரமாக இழுத்துப் போட்டு, தரையைக் கழுவித் துடைத்து, வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

“வரட்டும்வே” என்றான், கேட்டவர்களிடமெல்லாம். “வந்து நல்லாப் பாக்கட்டும். நானும் நாப்பத்தேழு வருசமா அவனத்தான தேடிட்டு இருக்கேன்.”

ஆவணிக் கடைசியில் முதல் சிப்பாய் நீலக் கதவைத் தாண்டினான். அடுத்த சில நாளில் நூறு பேர், இருநூறு பேர், ரெஜினாளின் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஊராரின் ஆயிரம் பேர் என்று வந்து நுழைந்ததில் நடுவீடு முழுக்கப் பச்சையும் சிவப்புமாக இருந்தது. தெருவில் ஊர் கூடி நின்றது. ரெஜினாள் முதல் வரிசையில், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு. ஆடு அவளுக்குப் பக்கத்தில். வீட்டு நீளம் மூன்று பாய். முதல் நாள் முன்னறையில் நின்றார்கள், இரண்டாம் நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்கள், மூன்றாம் நாள் அடுக்களையில் நின்றார்கள். அடுக்களையில்தான் இருக்கிறது, அரிசிப் பானையைக் கவிழ்த்துப் பாருங்கள் என்று கூட்டத்தில் சத்தம் வந்தது. சேசடிமையின் மனைவி பானை சட்டி எல்லாவற்றையும் தெருவில் கொண்டுவந்து கவிழ்த்தாள். நாலாம் நாள் காலையில் முதல் சிப்பாய் அடுக்களைப் பின்வாசலுக்கு வெளியே, முருங்கை மரத்தடியில், கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றான்.

கூட்டம் மெதுவாகக் கலைந்தது. போகிற போக்கில் இரண்டு பேர் கவிழ்ந்து கிடந்த பானைகளை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்கள். முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் கோயில் மதிலும் கோயிலும், அதற்கும் அப்பால் கடலும்தான்.

ஐப்பசி பிறந்தபோது கடலுக்குள்ளிருந்தும் சிப்பாய்கள் வந்தார்கள். வள்ளங்களிலிருந்து எப்போதோ தவறி விழுந்தவர்கள், தோளில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்க, மணலில் ஏறி மேற்கே நடந்தார்கள். மேற்கே வந்தவர்களும் கிழக்கே போனவர்களும் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக்கூரை அறையின் வாசலில் கூடினார்கள். அது உடைந்த சுரூபங்களை, புனிதர் சிலைகளை, வைக்கிற அறை. சாமியார் மந்திரித்துக் கொடுத்த சுரூபம் உடைந்துபோனால் புன்னைத்துறையில் குப்பையில் போட மாட்டார்கள், வீட்டிலும் வைக்க மாட்டார்கள், ராவோடு ராவாகவாவது கொண்டுவந்து அந்த அறையில் விட்டுவிடுவார்கள். எத்தனையோ தலைமுறையாகச் சேர்ந்த பாரம். யாரும் எடுத்துப் பார்த்ததில்லை, பார்ப்பது பாவம் என்று ஒரு பேச்சும் இருந்தது.

கோயில்பிள்ளை வியாகுலம் சாவியைத் திருப்பியபோது அறையில் தலையில்லாத அந்தோனியாரும் ஒற்றைச் சிறகு சம்மனசுகளும் தூசியில் நின்றார்கள். மறுநாள் பட்டாளம் உள்ளே போயிற்று. அதற்கு மறுநாள் அது நின்றுவிட்டது. மூலையில் கவிழ்ந்து கிடந்த ஒரு குடில் ஒட்டகத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக, எல்லா முகமும் ஒட்டகத்தைப் பார்த்தபடி.

முன்னங்கால் ஒன்று தொடையோடு உடைந்த ஒட்டகம். வியாகுலம் சிலுவை போட்டுக்கொண்டு அதைத் தூக்கினார். உள்ளே ஏதோ கடகடத்தது. அடி வயிற்றில் நீலப் பெயின்ட்டில் எழுதியிருந்ததை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். “ம. சவேரியான், மேட்டுத் தெரு.”

ரெஜினாளின் அப்பா எழுத்து. அதைப் பார்த்ததும்தான் அந்தக் கிறிஸ்துமஸின் மறுநாள் முழுசாக அவளுக்கு ஞாபகம் வந்தது. காலையில் பூனை குடிலுக்குள் பாய்ந்து மலை சரிந்தது. ஒட்டகத்துக்குக் கால் போயிற்று. அம்மா கொட்டிய சாமான்களைத் திரும்ப அடுக்கினாள், அப்பா மத்தியானமே ஒட்டகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார். அந்தியில்தான் அவள் உச்சியைப் பார்த்தாள். வியாகுலம் ஒட்டகத்தைச் சாய்த்துக் குலுக்கியபோது, கால் உடைந்த ஓட்டை வழியாக மஞ்சள் நிறக் கொம்பூதி, நேற்று டப்பாவிலிருந்து எடுத்தவன் போன்ற பளபளப்போடு, அவர் உள்ளங்கையில் விழுந்தான். காலடித் தட்டில் பதினேழு.

“பட்டாளத்தக்கா சொன்னது சரிதான்!” என்று முத்தையா கத்தினான். “பதினேழு இருக்கான்!” இரண்டு பேர் கை தட்டவும் செய்தார்கள். வியாகுலம் கொம்பூதியை ரெஜினாளின் கையில் வைத்தார்.

முப்பது வருஷக் கடிதங்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லாம் இவனுக்காக. ஒரு நிமிஷம் உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டாள். பிறகு கூட்டத்துக்குப் பின்னால், வாசல் நிலையில் சாய்ந்து நின்ற சேசடிமையைத் தேடினாள். அவன் கையில் எஞ்சின் கிரீஸ் அப்படியே இருந்தது.

“நான் பாக்கல” என்றாள் ரெஜினாள். சத்தம் வெளியே வரவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள். “நீ எடுத்தத நான் பாக்கல. பாத்தேன்னு பொய் சொன்னேன். எல்லாரும் கேளுங்க, இவன் எடுக்கல. எங்க வீட்டு ஒட்டகத்துக்குள்ளதான் கெடந்திருக்கு.”

கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் சிப்பாய்களை மிதிக்காமல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து அவனிடம் போய், கையை விரித்து நீட்டினாள். சேசடிமை விரல்களைச் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டுக் கொம்பூதியை எடுத்தான். வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான், உப்பிய கன்னத்தை நகத்தால் தடவிப் பார்த்தான்.

“இதானா?” என்றான்.

“ஆமா.”

“மஞ்ச நெறமா இது? நான் பச்சைன்னுல்லா நெனச்சுட்டு இருந்தேன்.” அவன் இன்னும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினான். “எங்கப்பா அடிக்கையில கேட்டேன் ரெஜினா, அது எப்படி இருக்கும்னு மட்டும் சொல்லுங்க, எங்க கெடந்தாலும் தேடி எடுத்துக் குடுக்கேன்னு. ஒருத்தரும் சொல்லல.”

ரெஜினாள் அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்து, ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.